மகளைக் கூட்டிவரப் பம்பாய்க்குப் போனது

தாதர் ஸ்டேஷனில் இறங்கியபோது நான் தலையை நிமிர்த்தவில்லை. ஆள் கூடிய இடத்தில் குனிந்துகொள்வது எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். அதனால் பம்பாயில் நான் முதலில் பார்த்தது கால்களைத்தான். பூட்ஸ் போட்ட கால்கள், வெறுங்கால்கள், மீன் செதில் ஒட்டிய கால்கள். எல்லாம் ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன. ஓடாமல் நின்ற ஒரு ஜோடி செருப்புக் கால்கள் என் மகள் எஸ்தருடையவை.

"அம்மா, இங்கன பாருங்க. அந்த மூட்டைய விடுங்க, போர்ட்டர் தூக்கட்டும். அப்பா எப்படி இருக்காவ?"

"நல்லா இருக்காவ" என்றேன்.

அவர் நன்றாக இல்லை. என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. தூரத்தில் இருக்கிற பெண் பயந்துபோவாளே என்று மகன் சாமுவேல் அவளுக்கு 'கொஞ்சம் பலவீனம்' என்று மட்டும் எழுதிப் போட்டிருந்தான். அவரைப் புரட்டிப் படுக்க வைக்கவும் தூக்கி உட்கார வைக்கவும் இப்போது என் உடம்பில் தெம்பில்லை. மருமகளுக்கு நிறைமாதம். "எஸ்தருக்குக் கல்யாணமா காட்சியா, பிள்ளையா குட்டியா? நேர்ல போய்க் கூட்டிட்டு வாங்க. நீங்க போனா மறுக்க மாட்டா" என்று சொல்லி, அவன் லீவு போட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டு என்னை ரயிலேற்றிவிட்டான். 'வீட்டுக்கு வா' என்று கூப்பிடத்தான் நான் பம்பாய்க்குப் போனேன். வேறு சோலி எதுவும் எனக்கு அங்கே இல்லை.

பெற்ற மகளிடம் கூப்பிட என்ன கூச்சம் என்று கேட்பீர்கள். எஸ்தர் சின்னப் பிள்ளையிலேயே போர்டிங்கில் சேர்ந்தவள். லீவுக்கு வருவாள், நல்லதாகச் சமைத்துப் போடுவேன், போய்விடுவாள். அப்புறம் மதராஸில் படிப்பு, பிறகு பம்பாயில் வேலை. அவளோடு உட்கார்ந்து பேசினதைவிட அவளுக்குப் பலகாரம் சுட்டதுதான் அதிகம். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அவள் காலேஜில் பாடம் சொல்கிறவள். அவள் எதிரே உட்கார்ந்தால் எனக்கு வார்த்தை வராது.

மாட்டுங்காவில் ஒரு பாலக்காட்டு மாமி வீட்டில் எஸ்தருக்கு ஓர் அறை. மாமி வாசலிலேயே நின்று வரவேற்றார்.

"வாங்கோ வாங்கோ. எஸ்தரோட அம்மாவா? ஒண்ணும் சங்கோஜப்படாதேங்கோ. மீன் மட்டும் வேண்டாம், பாக்கி எல்லாம் உங்காத்து மாதிரி."

எனக்குக் கை கால் ஓடவில்லை. எஸ்தருக்குப் பிடிக்குமே என்று ஓலைப்பெட்டியில் நெத்திலிக் கருவாடு வைத்து, மேலே துணி சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, முன்னால் என் பெட்டியை வைத்து மறைத்தேன். சாயங்காலம் மாமி காப்பியோடு வந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"என்னமோ வாசனை வரதே. ஜலதாரை அடைச்சிண்டிருக்கோ?"

"ஆமா மாமி, பின்பக்கத்து வீட்ல" என்றாள் எஸ்தர். மாமி போனதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்தச் சிரிப்பு ஓயும் முன் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவளே கேட்டாள்.

"அப்பா நடக்காவளாம்மா?"

"நடப்பாவ. ஒன் வேல எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுதும்மா."

பம்பாயில் அரிசி ரேஷன். மாமி வீட்டில் ராத்திரிக்குச் சிவப்புக் கோதுமையை உடைத்து உப்புமா கிண்டியிருந்தார்கள். நம் ஊரில் அரிசி இல்லாவிட்டால் கிழங்காவது கிடைக்கும். அங்கே மாடி மேல் மாடியாக இருக்கிறவர்களும் ஒரே கோதுமையைத்தான் பல விதமாகச் செய்து சாப்பிடுகிறார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலேஜுக்குத் தன்னோடு வரச் சொன்னாள். செம்பூருக்கு அப்பால் இருக்கிறது. குர்லாவில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். பெண்கள் பெட்டியில்தான் ஏறினோம். பெண்கள் பெட்டியென்றால் அடக்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஏறினதும் ஒரு கூடைக்காரி என்னை முழங்கையால் குத்தி, தன் கூடைக்கு இடம் பிடித்தாள். குர்லா வந்ததும் எஸ்தர் இறங்கிவிட்டாள். நான் காலை எடுத்து வைப்பதற்குள் ஏறுகிற கூட்டம் என்னைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டது. ரயில் கிளம்பிவிட்டது. நான் 'எஸ்தர்' என்று கூடக் கத்தவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து ஒருத்தி, "ஏக்கா, தமிழா? எங்க போவணும்?" என்றாள். பாக்டரி வேலைக்குப் போகிறவள். விவரம் கேட்டதும் விக்ரோலியில் என் கையைப் பிடித்து இறக்கி, எதிர்ப்பக்கத்து ரயிலில் ஏற்றி, அந்தப் பெட்டியில் இருந்தவர்களிடம் இந்தியில் ஏதோ அதட்டிச் சொன்னாள். குர்லா வந்ததும் எல்லாப் பெண்களும் சேர்ந்து என்னை வெளியே தள்ளினார்கள். எஸ்தர் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"தேடிப் போகலியா?" என்றேன்.

"நான் நகந்தா ரெண்டு பேரும்லா தொலைஞ்சிருவோம்."

காலேஜுக்குப் போகும் வழியில் பெட்ரோல் சுத்திகரிக்கிற ஆலையின் புகைக்குழாய் உச்சியில் பட்டப்பகலில் தீ எரிந்துகொண்டிருந்தது. காலேஜே ஒரு பெரிய பட்டறை போலத்தான் இருந்தது. இரும்பு அறுக்கிற சத்தம், எண்ணெய் வாடை, நீலச் சட்டை போட்ட வாலிபப் பிள்ளைகள். பாலம் கட்டவும் மோட்டார் செய்யவும் மின்சாரம் எடுக்கவும் படிக்கிற பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு எஸ்தர் என்ன சொல்லிக் கொடுக்கிறாள் என்று ஊரில் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததில்லை. இப்போதுதான் பார்த்தேன். மனிதர்களைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறாள். எப்படிப் பிழைக்கிறார்கள், எதற்குச் சண்டை போடுகிறார்கள், ஒரு மெஷின் வந்தால் யாருடைய சோறு போகிறது, இதெல்லாம். வாரத்துக்கு ஒரு பீரியட். அதற்கு மார்க் கிடையாது. ஆஜர் மட்டும் எடுப்பார்கள்.

வராந்தாவில் எதிரே வந்த இரண்டு வாத்தியார்கள் அவளைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன்.

"'இன்னைக்கு என்ன கதை, மிஸ்'னு கேக்காவ."

"நீ என்ன சொன்ன?"

"'வந்து உக்காருங்க, சொல்லுதேன்'னேன். தெனமும் இதானே."

சாப்பாடு முடிந்த நேரத்துப் பீரியட். கடைசிப் பெஞ்சில் என்னை உட்கார வைத்தாள். முன்னால் இருந்த பையன் மேஜைக்குக் கீழே வேறு பாடத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தான். இன்னொருவன் கன்னத்தில் கை வைத்துத் தூங்கினான். எஸ்தர் சாக்குக்கட்டியை இரண்டாக ஒடித்து ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டாள். அவள் அப்பாவும் பாடம் தொடங்குமுன் அப்படித்தான் ஒடிப்பார்.

பாடம் இங்கிலீஷில் நடந்தது. திரும்பி வரும்போது எஸ்தர் சொல்லித்தான் எனக்கு அர்த்தம் தெரியும். ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்டுகிறீர்கள், அதுவரை படகு ஓட்டிப் பிழைத்தவன் என்ன ஆவான் என்று கேட்டிருக்கிறாள். "வேறு வேலைக்குப் போவான்" என்று ஒருவன் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். "என்ன வேலைக்கு? அவனைக் கேட்டாயா? அவன் பேரென்ன?" என்று இவள் திருப்பிக் கேட்டாளாம். அப்போதுதான் படம் வரைந்த பையன் பென்சிலைக் கீழே வைத்தான். அவன் பென்சிலை வைத்தது மட்டும் எனக்கு அப்போதே தெரிந்தது.

செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஈரானிக்காரர் ஹோட்டலில் பன்னும் வெண்ணெயும் வாங்கித் தந்தாள். டீயில் முக்கிச் சாப்பிட வேண்டும் என்றாள். அங்கே உட்கார்ந்துதான் தன் கஷ்டத்தைச் சொன்னாள். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

தாராவியில் நம் பக்கத்து ஜனங்கள் இருக்கிற ஒரு சந்துக்குக் குழாய் போட, மாணவர்கள் படம் தயாரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கட்டட வேலை படிக்கிற பிள்ளைகள் கேள்வித்தாளோடு முதலில் தாங்களாகவே போனார்கள். தண்ணீர் போதுமா என்று கேட்டார்கள். எல்லா வீட்டிலும் 'போதும்' என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பாடத்துப் பெரிய வாத்தியார், "போதுமாமே, பிறகு எதற்குக் குழாய்? இந்தப் பீரியட்தான் எதற்கு? அந்த நேரத்தில் லேத் மெஷின் பழகலாம்" என்று சொல்கிறாராம். அவள் வேலை வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற வேலை. நாளைக்குத் தானே மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறாள். அதில் ஏதாவது தேறினால்தான் அந்தப் பீரியட் நிலைக்கும்.

"நல்லாப் போகுதுன்னு சொன்னியே" என்றேன்.

"ஆமா, போகத்தானே செய்யுது" என்றாள்.

சனிக்கிழமை கருவாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு நானும் தாராவிக்குப் போனேன். தோல் கிடங்குகளின் வாடைக்கு முன் என் கருவாடு ஒன்றுமே இல்லை. சாக்கடை மேல் போட்ட பலகையில் கால் வைத்து நடக்க வேண்டும். கீழே பார்த்து நடக்கிற என் பழக்கம் அங்கே உதவியது. மாணவர்கள்தான் இரண்டு மூன்று தரம் காலை உள்ளே விட்டார்கள்.

செல்லக்கனி என்ற பெண்ணின் வீட்டில் நுழைந்தோம். அவள் புருஷனுக்குத் தோல் கிடங்கில் வேலை. ஒரே அறை. குனிந்துதான் போக வேண்டும். குல்கர்னி என்ற நெட்டைப் பையன், முந்தின நாள் பென்சிலைக் கீழே வைத்தவன், தாளைப் பார்த்துக் கேட்டான். எஸ்தர் தமிழில் சொன்னாள்.

"தண்ணீர் போதுமான்னு கேக்காரு."

"போதும் தம்பி, தாராளமாப் போதும். கர்த்தர் ஒரு கொறவில்லாம நடத்துதாரு. உக்காருங்க எல்லாரும், காப்பி போடுதேன். ஏக்கா, நீங்க எந்தூரு?"

நாசரேத் பக்கம் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாட்டுங்கா மாமி வீட்டில் ஒளித்து வைத்த கதையை எஸ்தர் சொல்ல, கருவாட்டைக் கொடுத்தேன். மோந்து பார்த்தாள். "நெத்திலி! இத மாட்டுங்காவுல மாமி வீட்லயா வெச்சிருந்தீய? அந்த மாமி இன்னும் உசுரோடதான் இருக்காவளா?" என்று சிரித்தாள். பேசிக்கொண்டே குடத்தைச் சாய்த்துக் காப்பிக்குத் தண்ணீர் ஊற்றினாள். குடத்தை முழுசாகக் கவிழ்த்ததை நான் பார்த்தேன். எஸ்தரும் பார்த்தாள். 

எல்லாரும் காப்பி குடித்து முடித்த பிறகு எஸ்தர் குல்கர்னியிடம் ஏதோ சொன்னாள். அவன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டான். "காலைல எந்திச்சதும் மொதல்ல என்ன செஞ்சீங்கன்னு கேக்காரு" என்றாள் எஸ்தர்.

"எந்திச்சதுமா? என்னத்தச் செய்ய, கொடத்தத் தூக்கிட்டு நல்லுக்கு ஓடணும்." குழாயை அங்கே நல் என்கிறார்கள். "ஓடுனா எனக்கு முன்ன ஒரு ஊரே நிக்கும். கொடத்த வெச்சிட்டு வரமுடியுமா? எத்தி விட்டுருவாளுவ. மூத்தவளக் காவலுக்கு நிப்பாட்டுவேன். அவ பள்ளிக்கூடத்துக்குத் தெனமும் லேட்டுதான், டீச்சர் வெளிய நிக்க வைக்கா. தண்ணி வந்தா நூலு மாதிரி வரும். நம்ம மொறை வரும்போது நின்னுபோகும். பொறவு ரயில் லைனத் தாண்டி அந்தப் பக்கத்துக் கம்பெனி வாச்மேன்ட்டப் போயி, 'பய்யா, தோடா பானி', கொஞ்சம் தண்ணி குடுன்னு பல்லக் காட்டணும். ஒருநா குடுப்பான், ஒருநா நாயை அவுத்து விடுவான்." அதைச் சொல்லிவிட்டும் சிரித்தாள். "அரிசி களைஞ்ச தண்ணில பாத்திரம். பாத்திரம் கழுவுன தண்ணில தரை."

"குளிக்கிறது?" என்றாள் எஸ்தர்.

"ஞாயித்துக்கிழம, கோயிலுக்கு முன்ன. கர்த்தர் சந்நிதில நாறக்கூடாதுல்லா."

பையன்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். குல்கர்னி எழுதாமல் கேட்டான். முதலில் ஏன் போதும் என்றீர்கள் என்று கேட்கிறான் என்றாள் எஸ்தர். செல்லக்கனிக்கு அது புரியாத கேள்வியாக இருந்தது.

"வீடு தேடி வந்த பிள்ளையள்ட்ட இல்லன்னா சொல்லுவாவ? சொன்னா நீங்க காப்பி வேண்டாம்னுட்டுப் போயிருவியல்லா!"

கையில் காலித் தம்ளரோடு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நம் பக்கத்தில் யார் வேறு மாதிரி சொல்வார்கள்?

வெளியே வந்ததும் எஸ்தர் சொன்னாள்: "இருக்கா, போதுமா, எப்படி இருக்கீங்கன்னு கேட்டா நம்ம சனம் வாயத் தெறக்காது. என்ன செஞ்சீங்கன்னு கேட்டா எல்லாம் வந்துரும். இத இவங்களுக்கு ஒரு வருசமாச் சொல்லுதேன். இன்னைக்குத்தான் காதுல ஏறிச்சு." அவள் முகம் அன்று பளிச்சென்று இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு என் சோலியைப் பேச மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் போனோம். நம் ஊர்க் கோயிலில் பாடுகிற அதே ராகம்தான். ஆனால் பம்பாயில் எல்லாவற்றையும் போல அதையும் கொஞ்சம் அவசரமாகப் பாடினார்கள். செல்லக்கனி குளித்து, தலையில் பூ வைத்து வந்திருந்தாள். தூரத்திலிருந்து தலையை ஆட்டினாள்.

ஆராதனை முடிந்து மாட்டுங்காவில் ஒரு தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். எஸ்தர் கடலைப் பொட்டலம் வாங்கிப் பாதியை என் மடியில் கொட்டினாள். தின்றுகொண்டே, ஏதோ நினைவு வந்தது போலக் கேட்டாள்.

"அம்மா, காலைல எந்திச்சதும் அப்பா மொதல்ல என்ன செய்வாவ?"

"அவிய எங்க எந்திக்க? நாந்தான் போயி ஒருச்சாய்ச்சுத் திருப்பணும். முதுகு புண்ணாயிரக் கூடாதுல்லா. பொறவு துணி மாத்தணும். சட்டைல ஒரு கை நுழைஞ்சா மத்த கை வராது, கட்டை மாதிரி கெடக்கும்."

"பல்லு தேய்ப்பாவளா?"

"விரல்ல துணியச் சுத்தி நாந்தான் துடைச்சு விடுதேன். கஞ்சிய ஸ்பூன்ல ஊத்தணும். பாதி கடைவாய்ல வழிஞ்சிரும். அதத் துடைச்சா அவியளுக்குக் கோவம் வரும். பேச முடியாதுல்லா, கோவம் வந்தா அழுவாவ..."

அங்கே நிறுத்தினேன். எந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது என்று அப்போதுதான் உறைத்தது. எஸ்தர் கடலையைத் தின்னவில்லை. கை நிறைய வைத்துக்கொண்டு எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா அழுவாவளா?" என்றாள்.

நான் மடியில் கிடந்த கடலையைப் பொறுக்கினேன்.

"உங்களால தூக்க முடியுதா?"

"முடியலட்டி. போன வாரம் ரெண்டு பேருமாத்தான் விழுந்தோம்."

கையிலிருந்த கடலையைப் பொட்டலத்தில் போட்டுவிட்டு, "என்னக் கூப்பிடத்தான் வந்தியளா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். "வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா. கருவாட்டக் கட்டிலுக்கடில ஒளிச்ச மாதிரி ஒளிச்சிட்டீயளே." அப்புறம் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "வாறேம்மா. நாளைக்குப் போயி லீவு கேக்கேன்."

பாரம் இறங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை, அன்று மாமி போட்ட சோற்றை நான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலேஜில் பிரின்ஸிபால் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் இருந்தேன். எஸ்தர் உள்ளே போனவள் நான் முந்தானையைச் சரிசெய்து உட்காருவதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

"என்ன சொன்னாரு?"

"சரின்னுட்டாரு."

"எத்தன நாளுன்னு கேட்டாரா?"

"கேக்கல."

"எதுக்குன்னு?"

"அதுவும் கேக்கல. 'நிதானமா வாங்க, அந்தப் பீரியட்ல லேத்தப் போட்டுக்கலாம்'னாரு. சந்தோசமா கையெழுத்துப் போட்டாரும்மா." சொல்லும்போது சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

படியில் இறங்கும்போது குல்கர்னி ஓடி வந்தான். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். அவன் போன பிறகு அவன் சொன்னதை எஸ்தர் எனக்குச் சொன்னாள். செல்லக்கனி சொன்னதைப் பெரிய வாத்தியாரிடம் வாசித்துக் காட்டினானாம். அவர் குழாய்ப் படத்தை மறுபடி போடச் சொன்னாராம். அடுத்த சந்துக்கு இந்தச் சனிக்கிழமை போவோமா என்று கேட்டானாம். பிறகு, "நேற்று என் அம்மாவிடமும் அப்படிக் கேட்டேன் மிஸ். அவங்க எப்போ சாப்பிடறாங்கன்னு எனக்கு இத்தனை நாளும் தெரியாது" என்றானாம்.

"நீ என்ன சொன்ன?"

"பாக்கலாம்னேன்."

ஊர் போகிறேன் என்று அவனிடம் அவளால் சொல்ல முடியவில்லை. எனக்கும் அவளைப் பெற்றவள் என்கிற முறையில் அது புரிந்தது.

திரும்பி வரும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு யோசித்தேன். அந்தக் காலேஜ் அவளைக் கெஞ்சி நிறுத்தி வைத்திருந்தால், ஒரு மாதத்துக்கு மேல் லீவு கிடையாது என்று கத்தியிருந்தால், நான் தைரியமாகக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். அவள் இடத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள் என்று நினைத்திருப்பேன். அவள் போனால் அங்கே யாரும் தேடமாட்டார்கள். அவள் சொல்லிக் கொடுப்பதையும் தேடமாட்டார்கள்; அவள் வந்துவிட்டால் அந்தப் பீரியட் அதோடு போய்விடும். அதனால்தான் அவளை அங்கேயே விட்டுவர வேண்டியதாயிற்று.

"நீ வர வேண்டாம் மக்ளே" என்றேன்.

"என்னம்மா சொல்லுதிய? அப்பாவ யாரு தூக்குவா?"

"சாமுவேல் தூக்குவான்."

"அண்ணன் காலைல எத்தன மணிக்கு வேலைக்குக் கெளம்புவான்?"

"அந்த மாதிரிக் கேள்வி என்ட்டக் கேக்காத" என்றேன்.

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பெட்டி நிறையப் பெண்கள். எல்லாரும் பார்த்தார்கள். முதல் தடவையாக நான் குனிந்துகொள்ளவில்லை. எதிரே இருந்த மீன்காரி மராத்தியில் என்னவோ கேட்டாள். எஸ்தர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யாராவது செத்துட்டாங்களான்னு கேக்காம்மா" என்றாள். நான் மீன்காரியைப் பார்த்து இல்லையென்று தலையசைத்தேன். அவள் நம்பவில்லை. தன் கூடையைக் காலால் நகர்த்தி, எஸ்தர் காலை நீட்டிக்கொள்ள இடம் விட்டாள்.

மறுநாள் தாதரில் என்னை வண்டியேற்றினாள். அப்பாவுக்கென்று ஆரஞ்சுப் பழம் வாங்கியிருந்தாள். "தோலும் கொட்டையும் எடுத்துட்டுப் பிழிஞ்சு குடுங்க. ஸ்பூன்ல வேண்டாம், துணிய நனைச்சு வாயில வைங்க, வழியாது" என்றாள். பரீட்சை முடிந்ததும் மே மாதம் வந்துவிடுவதாகச் சொன்னாள். வா என்றேன். மே மாதம் வெகுதூரம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வண்டி நகர்ந்தபோது கூடவே கொஞ்சம் நடந்தாள். அப்புறம் கூட்டத்தில் அவள் கால்கூட எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாமுவேல் வாசலிலேயே, "எங்க அவ?" என்றான். பதில் சொல்லாமல் உள்ளே போனேன். அவர் கட்டில் கதவுக்கு நேரே போட்டிருக்கிறது. முகம் சவரம் செய்து, தலை வாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தார்கள். மகள் வருகிறாள் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

நான் கதவுக்கு உள்ளே வந்து நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். நான் மறைக்கிறேன் என்று நினைத்து, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்கப் பார்த்தார்.  

கதவை விட்டு ஒதுங்கி நின்றேன். எனக்குப் பின்னால் யாருமில்லை என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.